கத்தி போல ஒரு தீவு, எதிரே கூம்பு போல ஒரு தீவு: மாக்மாவுக்கு வழிவிடுவது எது?

கேள்வி இதுதான்: கடல் நடுவே எரிமலைத் தீவு பிறக்க அடியில் மாக்மா இருந்தாலே போதாதா? நிலத்தட்டு இழுபடுவதற்கும் தீவுக்கும் என்ன தொடர்பு? ஒரே தீவுக்கூட்டத்தில் ஒன்று உருண்டையாகவும் பக்கத்தில் உள்ளது ஒல்லியாகவும் இருப்பது எதனால்?

மாக்மா, அதாவது நிலத்தடியில் உருகிய பாறை, சரக்கு. அது எவ்வளவு கிடைக்கும் என்பது மேலோட்டுக்கு அடியில் உள்ள சூடான பாறை அடுக்கான மேன்டிலின் விவகாரம். அந்தச் சரக்கு எந்த இடத்தில், எந்தத் திசையில் பாறையைப் பிளந்து மேலே வரும் என்பது தகைவு விவகாரம். தகைவு என்றால் பாறைக்குள் ஒவ்வொரு திசையிலும் நிற்கும் அழுத்தம். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரிந்து அசோர்ஸை விட நல்ல இடம் இல்லை. அதனால் அந்தத் தீவுகளை வைத்தே சொல்கிறேன்.

அசோர்ஸ் போர்ச்சுகலுக்குச் சொந்தமான ஒன்பது தீவுகள். லிஸ்பனுக்கு மேற்கே சுமார் 1,500 கிலோமீட்டர் தொலைவில், வட அமெரிக்க, யூரேசிய, ஆப்பிரிக்கத் தட்டுகள் மூன்றும் சந்திக்கும் முச்சந்தியில் இருக்கின்றன. ஃப்ளோரஸ், கோர்வோ ஆகிய இரண்டும் தட்டுகள் விலகும் கடலடி மலைத்தொடரான நடு அட்லாண்டிக் முகட்டுக்கு மேற்கே வட அமெரிக்கத் தட்டின் மேல் உள்ளன. மற்ற ஏழும் கிழக்கே, யூரேசியாவும் ஆப்பிரிக்காவும் ஒன்றைவிட்டு ஒன்று மெல்லச் சாய்வாக விலகும் பட்டையில் உள்ளன. விலகும் வேகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மில்லிமீட்டர். நம் நகம் ஒரு மாதத்தில் இதே அளவு வளர்ந்துவிடும்.

முதலில் சரக்கு. மேன்டில் பாறை சுமார் 1,350 டிகிரி செல்சியஸில் இருந்தாலும் திடமாகத்தான் இருக்கிறது. மேலே உள்ள எடை அதை உருக விடுவதில்லை. அந்தப் பாறை மெல்ல மேலேறினால் கிலோமீட்டருக்கு அரை டிகிரிக்கும் குறைவாகத்தான் குளிரும். ஆனால் அழுத்தம் குறைவதால் அதன் உருகுநிலை கிலோமீட்டருக்கு 3 முதல் 4 டிகிரி இறங்குகிறது. ஏதோ ஓர் ஆழத்தில் இரண்டும் சந்திக்கும். அங்கே உருகல் தொடங்கும். ஆக, உருகுவதற்குக் கூடுதல் சூடு கட்டாயம் இல்லை, அழுத்தம் குறைந்தால் போதும். பாறையில் கொஞ்சம் நீர் கலந்திருந்தால் உருகுநிலை இன்னும் இறங்கும். அசோர்ஸுக்கு அடியில் இருப்பது அதிகச் சூடா, அதிக நீரா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்பதே என் கணிப்பு. எப்படிப் பார்த்தாலும் ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் விலகல் மட்டும் இவ்வளவு மாக்மாவைத் தந்திருக்காது. இவ்வளவு மெதுவாக விலகும் முகடுகளில் பல இடங்களில் எரிமலையே இருப்பதில்லை, வெறும் பள்ளம்தான். அசோர்ஸைச் சுற்றியுள்ள கடல்தரையோ ஒரு பெரிய மேடாக உயர்ந்து நிற்கிறது. அங்கே மேலோட்டின் தடிமன் வழக்கமான கடலடி மேலோட்டின் 7 கிலோமீட்டரைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. கீழிருந்து தாராளமாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இனி வழி. மாக்மா குழாய் வழியாகத் தண்ணீர் போல ஏறி வருவதாகப் படம் போடுவார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அது பாறையைச் செங்குத்தாகப் பிளந்து, மெல்லிய சுவர் போல நுழைகிறது. உறைந்த பிறகு அந்தச் சுவருக்கு டைக் என்று பெயர். தடிமன் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். நீளமும் உயரமும் கிலோமீட்டர் கணக்கில். கல்குவாரியில் ஆப்பு அடித்துக் கல் பிளப்பவருக்கு இது சொல்லாமலே புரியும்: கல் எந்தப் பக்கம் விலகிக்கொடுக்கிறதோ அதற்குச் செங்குத்தாகத்தான் வெடிப்பு ஓடும். மாக்மாவும் அப்படியே, மிகக் குறைந்த அழுத்தம் உள்ள திசையைத் தள்ளித் திறக்கிறது. டைக்கின் தளம் அந்தத் திசைக்குச் செங்குத்தாக அமைகிறது.

இங்கே பலரும் தடுமாறுகிறார்கள். "இழுபடும் தட்டு" என்றதும் பாறை ரப்பர் போல இழுபட்டு இரண்டாகக் கிழிவதாக நினைத்துக்கொள்கிறார்கள். ஆழத்தில் எந்தத் திசையிலும் உண்மையான இழுவிசை கிடையாது. 10 கிலோமீட்டர் ஆழத்தில் மேலே உள்ள பாறையின் எடையே சுமார் 280 மெகா பாஸ்கல் அழுத்துகிறது. தட்டு விலகுவதால் ஒரு கிடைத்திசையில் மட்டும் அழுத்தம் கொஞ்சம் தளர்கிறது. மாக்மாவுக்கு அந்தத் தளர்வு போதும். மாக்மாவின் அடர்த்தி சுற்றுப்பாறையை விடக் கன மீட்டருக்கு 200 கிலோ குறைவு என்று வையுங்கள். 5 கிலோமீட்டர் உயரமுள்ள மாக்மா சுவரின் உச்சியில் மிதப்பால் மட்டும் கிட்டத்தட்ட 10 மெகா பாஸ்கல் மிகை அழுத்தம் சேரும். பாறையின் இழுவலிமை சில மெகா பாஸ்கல்தான். பிளக்க இது தாராளம்.

பிளந்தால் மட்டும் போதாது, உறையாமல் வந்து சேர வேண்டும். டைக் உறையும் நேரத்தைத் தோராயமாகப் போட ஒரு சுலபக் கணக்கு: பாதித் தடிமனின் வர்க்கத்தைப் பாறையின் வெப்பப் பரவல் எண்ணால் வகுக்க வேண்டும். அந்த எண் வினாடிக்கு பத்து லட்சத்தில் ஒரு பங்கு சதுர மீட்டர். ஒரு மீட்டர் டைக்குக்கு இரண்டரை லட்சம் வினாடி, அதாவது மூன்று நாள். இரண்டு மீட்டர் டைக்குப் பதினோரு நாளுக்கு மேல். தடிமன் இரட்டித்தால் அவகாசம் நான்கு மடங்கு. 20 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு மீட்டர் டைக் மேலே வர வேண்டுமானால் சராசரியாக வினாடிக்கு 8 சென்டிமீட்டராவது ஏற வேண்டும். அதற்குக் குறைந்தால் வழியிலேயே கல்லாகிவிடும். வினாடிக்கு அரை மீட்டர் வேகம் கிடைத்தால் பதினோரு மணி நேரத்தில் வந்துவிடும். எரிமலைக் காவலில் இருப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்: வருவதாக இருந்தால் சீக்கிரம் வரும், மெதுவாக வருவது பெரும்பாலும் வந்து சேராது.

இப்போது வரைபடத்தை எடுத்து சாவோ ஜார்ஜ் தீவைப் பாருங்கள். நீளம் 54 கிலோமீட்டர், அகலம் மிஞ்சிப் போனால் 7. அருகிலேயே, 20 கிலோமீட்டருக்கும் குறைவான நீரிணைக்கு அப்பால், பீக்கோ தீவு. அதன் மேற்குப் பாதியில் 2,351 மீட்டர் உயரக் கூம்பு. போர்ச்சுகல் நாட்டிலேயே உயரமான மலை அதுதான். இரண்டுக்கும் ஒரே கடல், ஒரே தட்டு எல்லை.

சாவோ ஜார்ஜ் முழுக்க முழுக்கத் தட்டின் தகைவு வரைந்த தீவு. மேற்கு-வடமேற்கிலிருந்து கிழக்கு-தென்கிழக்காக ஓடும் முதுகெலும்பு. அதன் மேல், வடத்தில் கோர்த்த உருத்திராட்சம் போல வரிசையாகக் கூம்புகள். உயரமான இடமான பீக்கோ தா எஸ்பெரான்சா 1,053 மீட்டர்தான். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு டைக். ஒவ்வொரு டைக்கும் முந்தையதற்கு இணையாக, சற்று தள்ளி. லட்சக்கணக்கான ஆண்டுகள் இதே வேலை நடந்தால் கிடைப்பது கூம்பு அல்ல, மதில். அதுவும் ஒரே நேரத்தில் எழுந்த மதில் அல்ல: கிழக்கு முனையில் உள்ள பாறைகள் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் பழையவை, நடுவும் மேற்கும் இளையவை. 1808-இல் தென்கரையில் உர்சலீனாவின் மேலே பிளவு திறந்து, இறங்கிய எரிமலைக் குழம்பு ஊர் தேவாலயத்தை மூடியது. மணிக்கூண்டு மட்டும் இன்றும் தனியாக நிற்கிறது.

பீக்கோ ஏன் வேறு மாதிரி? உண்மையில் பாதி பீக்கோதான் வேறு மாதிரி. அதன் கிழக்குப் பகுதி சாவோ ஜார்ஜைப் போலவே அதே திசையில் ஓடும் கூம்பு வரிசை. மேற்கில் மட்டும் சரக்கு ஓரிடத்தில் குவிந்து வந்திருக்கிறது. குவிந்தால் என்ன ஆகும்? மலை உயரும், உயர்ந்த மலையின் எடை தனக்கென்று ஒரு தகைவுப் புலத்தை உண்டாக்கும். உச்சிக்குக் கீழே அது தட்டின் தளர்வை மீறிவிடும். அதன்பின் ஏறும் டைக்குகள் உச்சியை நோக்கி இழுக்கப்படுகின்றன, அல்லது உச்சியிலிருந்து ஆரம் போலப் பல திசையிலும் பிரிகின்றன. இதெல்லாம் குறுகிய காலத்தில் நடந்தது. பீக்கோ தீவே சுமார் 3 லட்சம் ஆண்டு வயதுதான். கூம்பு ஒரு முறை எழுந்துவிட்டால் அது தன்னைத் தானே கூம்பாக வைத்துக்கொள்ளும். அடிவாரத்துக்குப் போகப் போக எடையின் ஆதிக்கம் தளர்ந்து, தட்டு மறுபடி பிடியை எடுத்துக்கொள்கிறது. அங்கே பக்கவாட்டுக் கூம்புகள் மீண்டும் மேற்கு-வடமேற்கு வரிசையில் நிற்கும். ஒரே தீவில் இரண்டு எஜமானர்கள்.

இதற்கு நேர் எதிரான சான்று வடக்கே உள்ளது. தெர்சேரா பிளவு என்று சுமார் 550 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் ஒரே பிளவு; அதன் மேல் கிரசியோசா, தெர்சேரா, சாவோ மிகேல் தீவுகள். தட்டின் இழுப்பு அந்த நீளம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தும் தீவுக்கும் தீவுக்கும் இடையே கடல்தரை 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கும் பள்ளங்கள். பள்ளத்திலும் தட்டு விலகுகிறது. அங்கே பாறை பிளவுத்தளங்களில் வழுக்கி இறங்கி விலகலை ஈடுகட்டுகிறது. தீவு உள்ள இடத்தில் டைக் புகுந்து ஈடுகட்டுகிறது. இழுப்பு இருந்து சரக்கு இல்லையென்றால் பள்ளம், இழுப்பும் சரக்கும் இருந்தால் தீவு. "தட்டு விலகியதால் தீவு வந்தது" என்று ஒரே வரியில் முடிக்கும் விளக்கங்கள் இந்தப் பள்ளங்களைப் பார்ப்பதே இல்லை.

தகைவு முழுவதும் டைக்குகளால் தணிந்துவிடுவதும் இல்லை. தட்டுகள் நேராக விலகாமல் சாய்வாக விலகுவதால், பக்கவாட்டில் உரசி நகரும் பிளவுகளும் உண்டு. 1980 ஜனவரி 1 அன்று தெர்சேராவுக்கும் சாவோ ஜார்ஜுக்கும் இடையே வந்த பெரும் நிலநடுக்கம், 1998 ஜூலை 9 அன்று பீக்கோவுக்கு மேற்கே உள்ள ஃபயால் தீவை உலுக்கியது, இரண்டும் அந்த வகை. மாக்மா எதுவும் மேலே வரவில்லை. ஆகவே நிலநடுக்கம் வந்தாலே எரிமலை என்று பதறவும் வேண்டாம், எரிமலை இல்லாததால் ஆபத்து இல்லை என்று இருந்துவிடவும் வேண்டாம். அசோர்ஸில் நடுக்கங்களும் நிறைய உயிர்களைக் கொண்டுபோயிருக்கின்றன.

டைக் வந்தும் வெளிவராமல் போவதற்கு 2022-ஐ விட நல்ல பாடம் கிடைக்காது. அந்த ஆண்டு மார்ச் 19 அன்று சாவோ ஜார்ஜின் மேற்குப் பாதியில் சிறு நடுக்கங்கள் கூட்டமாகத் தொடங்கின. 1808-இன் வெடிப்பு நடந்த அதே மனாதாஸ் பிளவுத்தொகுதி. சில நாளில் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டியது. வேலாஸ் பகுதியிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேறினர். தரை சில சென்டிமீட்டர் உயர்ந்தது செயற்கைக்கோள் ரேடாரில் தெரிந்தது. பிறகு அடங்கிவிட்டது. மேன்டிலின் ஆழத்திலிருந்து புறப்பட்ட டைக், மேற்பரப்புக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான ஆழத்தில் நின்றுவிட்டதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் வந்தது ஏன் கடைசிக் கட்டத்தில் நிற்கும்? பொதுவாக நாலு காரணம் சொல்வார்கள். ஒன்றோடொன்று கைகோத்து வருபவை. மேலே உள்ள பாறை நுண்துளைகளும் சாம்பலுமாக இலகுவாக இருந்தால் மாக்மாவுக்கு மிதப்பு போய்விடும். டைக் நீளவாக்கில் பரவினால் சரக்கு பங்குபோட்டுக் குறையும். கீழிருந்து வரத்து குறைந்தால் மூன்று நாள் கணக்கு முந்திக்கொள்ளும். நாலாவதுதான் சாவோ ஜார்ஜில் முக்கியம் என்று நினைக்கிறேன்: அங்கே டைக் ஏறியது பழைய, நொறுங்கிய பிளவுப் பட்டையை ஒட்டி. மாக்மா மேலே வரவர அதில் கரைந்த வாயு குமிழியாகப் பிரியும், கோலி சோடாவைத் திறந்தது போல. அந்தக் குமிழிகளே கடைசி இரண்டு கிலோமீட்டரில் அதை உந்தித் தள்ள வேண்டியவை. நொறுங்கிய பாறை வழியாக வாயு பக்கவாட்டில் கசிந்துவிட்டால் மிச்சம் இருப்பது கனத்த, தடித்த, சோர்ந்த மாக்மா. வழி காட்டிய பிளவே காற்றையும் பிடுங்கிவிட்டது.

கண்காணிப்பில் அங்கே ஒரு நடைமுறைத் தொல்லை உண்டு. சென்டினல்-1 செயற்கைக்கோள் ரேடாரின் அலைநீளம் சுமார் 5.6 சென்டிமீட்டர், படத்தில் ஒரு முழு வண்ணச் சுற்று என்றால் தரை செயற்கைக்கோளை நோக்கி 2.8 சென்டிமீட்டர் நகர்ந்தது என்று பொருள். டைக் ஆழத்தில் இருந்தால் மேலே அதன் தாக்கம் டைக்கின் ஆழத்தைப் போல அகலமாகப் பரவும். தீவோ 7 கிலோமீட்டர். 8 கிலோமீட்டர் ஆழ டைக்கின் அடையாளத்தில் பெரும்பகுதி கடலுக்குள் போய்விடுகிறது, கடலை ரேடார் அளக்க முடியாது. போதாக்குறைக்கு ஈரக் காற்று ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பொய்யைச் சேர்க்கும். ஒரே ஒரு படத்தை வைத்து முடிவு சொல்வது தவறாகும். செயற்கைக்கோள் வடக்கு நோக்கிப் போகும் மேல்நோக்குப் பாதை, தெற்கு நோக்கி வரும் கீழ்நோக்குப் பாதை இரண்டின் படங்களையும் எடுத்து, தரையில் உள்ள ஜிபிஎஸ் நிலையங்களின் நகர்வோடு ஒத்துப் பார்க்க வேண்டும். வடகரை நிலையமும் தென்கரை நிலையமும் எதிரெதிராக விலகினால் அது டைக்.

மாக்மா வெளியே வந்துவிட்டால் தீவு பிறந்துவிடும் என்பதும் இல்லை. கடல் விடாது. ஆழ்கடலில் நீரழுத்தம் வெடிப்பை அடக்கி, குழம்பைத் தலையணை உருண்டைகளாக அமைதியாக வழிய விடும். எரிமலை வாய் நீர்மட்டத்தை நெருங்கும்போதுதான் கடல்நீர் உள்ளே புகுந்து, மாக்மா சாம்பலாகச் சிதறும். சாம்பல் மேடு எழும், அலை அதைக் கரைக்கும். தெர்சேராவுக்கும் சாவோ மிகேலுக்கும் நடுவே 1720-இல் இப்படி ஒரு தீவு எழுந்தது. இரண்டு ஆண்டுக்குள் போய்விட்டது. இன்று டோம் ஜோவாவ் டி காஸ்ட்ரோ திட்டாக, உச்சி நீருக்கு 13 மீட்டர் கீழே கிடக்கிறது. 1811-இல் சாவோ மிகேல் கரையோரம் எழுந்த சப்ரினா தீவில் ஆங்கிலேயக் கப்பல்தலைவர் டிலார்ட் போய்க் கொடியே நட்டார். சில மாதத்தில் கொடியும் இல்லை, தீவும் இல்லை.

ஃபயாலின் மேற்கு முனையில் உள்ள கப்பெலீன்யோஸ் தப்பித்தது. 1957 செப்டம்பர் 27 அன்று கரைக்கு அப்பால் கடலில் கொதிப்பு கிளம்பியது. அக்டோபரில் எழுந்த முதல் தீவு அந்த மாதத்துக்குள்ளேயே மூழ்கியது. நவம்பரில் மறுபடி எழுந்து ஃபயாலோடு ஒட்டியது. சாம்பல் மதில் கடல்நீரை வாயிலிருந்து பிரித்த பிறகு வெடிப்பின் குணமே மாறியது: சாம்பல் நின்று குழம்பு ஊற்று. 1958 அக்டோபர் 24 வரை பதின்மூன்று மாதம். நடுவில், 1958 மே மாதத்தில், ஒரே இரவில் நூற்றுக்கணக்கான நடுக்கங்கள் வந்து, வாயிலிருந்து தீவின் நடுவே உள்ள கால்டெரா என்ற பெரிய எரிமலைக் கிண்ணம்வரை ஒரே கோட்டில் நிலம் வெடித்தது. கோட்டின் திசை அதே மேற்கு-வடமேற்கு. சேர்ந்த நிலம் சுமார் 2.4 சதுர கிலோமீட்டர்; அதன் பின் பெரும்பகுதியை அலை எடுத்துவிட்டது. குழம்பு மூடிய பாறைதான் நிற்கிறது. பழைய கலங்கரை விளக்கத்தின் கீழ்த்தளம் சாம்பலுக்குள், மேற்பகுதி வெளியே.

ஹவாயை இதே அளவுகோலால் அளக்காதீர்கள். அது தட்டின் நட்டநடுவில் இருக்கிறது. தட்டு எல்லையின் இழுப்பு அங்கே கிடையாது. இருந்தும் அங்குள்ள கிலாவெயா எரிமலையில் நீண்ட பிளவு மண்டலம் உண்டு. காரணம் எரிமலையின் சொந்த எடை: அதன் தென்புறம் பழைய கடல்தரைச் சேற்றின் மேல் வழுக்கி ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் கடல்பக்கம் நகர்கிறது, அந்த நகர்வு பின்னால் தளர்வை உண்டாக்குகிறது. 2018 மே 3 அன்று கீழ்க் கிழக்குப் பிளவில் குழம்பு வெளிவந்தது. மறுநாளே தென்புறம் 6.9 அளவு நிலநடுக்கத்தோடு நகர்ந்தது. டைக் தள்ள, மலைப்புறம் விலக, விலகிய இடத்தில் இன்னும் மாக்மா. அந்தமானின் பாரன் தீவு இந்த இரண்டு கணக்கிலும் சேராது. அது ஒரு தட்டு இன்னொன்றின் அடியில் சொருகுவதால் வந்தது.

நீங்களே ஒரு தீவின் தகைவைப் படிக்க விரும்பினால், உயர வரைபடத்தில் சிறு கூம்புகளை எல்லாம் குறியுங்கள். ஒரே வயதுள்ளவை என்று நம்பத்தக்க மூன்று நான்கு ஒரே கோட்டில் நின்றால் அதன் கீழ் ஒரு டைக் இருக்கிறது. கிண்ணவாய் நீள்வட்டமாக இருந்தால் நீண்ட பக்கம் டைக்கின் திசை. பிறகு கரையோரப் பாறைச் சரிவில் தெரியும் டைக்குகளின் திசையோடு ஒப்பிடுங்கள். அதிகம் நடக்கும் தவறு, உயரமான மலையின் சரிவிலுள்ள கூம்புகளை எடுத்துக்கொண்டு தட்டின் திசை என்று அறிவிப்பது. அங்கே நீங்கள் அளப்பது மலையின் எடையை. இன்னொன்று, பெரும் நிலச்சரிவு நடந்த பக்கத்தை மறந்துவிடுவது. ஒரு பக்கம் சரிந்து போனால் அந்தப் பக்கத் தாங்கல் போய்விடும், டைக்குகள் சரிவின் விளிம்புக்கு இணையாகத் திரும்பிவிடும்.

கடைசியாக, எல்லாரும் கேட்கும் கணக்கு. ஆண்டுக்கு 3 மில்லிமீட்டர் என்றால் ஒரு மீட்டர் டைக்குக்கான இடம் சேர 300 ஆண்டுக்கு மேல் ஆகும். சாவோ ஜார்ஜ் தரையில் வெடித்தது 1580, 1808. உள்ளேயே நின்றது 2022. இடைவெளி 228, 214. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இதை வைத்து 2240 என்று நாள் குறிக்க முடியாது. தட்டின் விலகல் முழுவதும் சாவோ ஜார்ஜுக்கு வருவதில்லை, பீக்கோவும் ஃபயாலும் தெர்சேரா பிளவும் பங்கு எடுக்கின்றன. 2022-இன் டைக்கும் தீவின் முழு நீளத்தைத் திறக்கவில்லை. அது புகுந்த துண்டில் தளர்வு நிரம்பி அழுத்தம் ஏறியிருக்கும். அதன் இரு முனைகளுக்கு அப்பால் பாறை முன்னைவிட இலகுவாகப் பிளக்கும் நிலையில் இருக்கும். அடுத்த மாக்மா அந்த முனைகளில்தான் முதலில் முட்டிப் பார்க்கும்.